நாற்பத்தேழாம் பக்கத்துக் கருவாடு

கருவாட்டைப் பதமாகக் காயவைக்கத் தெரிந்தால் போதும், விற்பது தானாக நடந்துவிடும் என்றுதான் பெரியநாயகி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது ஒரு வெப்சைட்.

காரைக்கால்மேட்டில் கூடைக் கருவாடு விற்றவளுக்கு வெப்சைட் எப்படி வந்தது என்று கேட்டால், அது பெரிய கதை இல்லை. கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷத்திலிருந்து திட்டங்கள் வரத் தொடங்கின. ஒரு வீட்டுக்கு வலை, ஒரு வீட்டுக்குத் தையல் மெஷின், ஒரு வீட்டுக்கு ஐஸ் பெட்டி என்று கொடுத்துக்கொண்டே வந்தவர்கள், பெரியநாயகி வீட்டுக்கு வந்தபோது கையில் எதுவும் மிச்சமில்லாததால் ஒரு வெப்சைட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இடத்தை அடைக்காத பொருள் என்பதால் அவளும் வாங்கிக்கொண்டாள். அதில் அவள் சிரிக்காமல் நிற்கும் போட்டோ இருந்தது. வீட்டு விலாசம், செல்போன் நம்பர், நெத்திலி, வாளை, வஞ்சிரம் எல்லாம் இருந்தன. பாரீஸில் இருக்கும் காரைக்கால்காரர்கள் எல்லோரும் நெத்திலிக் கருவாட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள், வெப்சைட்டைத் திறந்ததும் வந்து விழுவார்கள் என்று திட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் விழவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் புரட்டாசியில் நெத்திலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாங்க ஆளில்லாமல் கரையிலேயே கிடந்ததை எல்லாம் பெரியநாயகி துணிந்து வாங்கிப் போட்டாள். காதில் கிடந்ததும் கழுத்தில் கிடந்ததும் அடகுக் கடைக்குப் போயின. மணலில் விரித்து, காக்கையை விரட்டி, சலங்கை மாதிரி கலகலக்கும் பதத்தில் அள்ளி மூட்டை கட்டினாள். மூட்டைகள் அறையை நிறைத்தன. அடுத்து அடுப்படியை நிறைத்தன. கடைசியில், அவள் புருஷன் காத்தமுத்து மேற்குச் சுவர் ஓரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுக்கும் இடத்தையும் நிறைத்தன.

"நான் எங்க படுக்குறதாம்?" என்று கேட்டான் காத்தமுத்து.

"படகுல படுங்க. எப்படியும் பாதி நாளு அதுலதான இருக்கீங்க."

அவன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். "உன் கம்ப்யூட்டர் கஸ்டமரு வந்தா சொல்லியனுப்பு" என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனான்.

படுக்கிற இடம் பெரிய கவலை இல்லை. ஐப்பசி மழைதான் கவலை. ஈரக்காற்று பட்டால் நெத்திலி நசநசத்துப் போகும். அப்புறம் அதை மனுஷர் யாரும் தொடமாட்டார்கள். கோழித்தீவனத்துக்கு வாங்கும் நாகராஜ்தான் தொடுவான். அவன் தினமும் காலையில் டி.வி.எஸ். வண்டியில் வந்து அவள் வாசலில் காலை ஊன்றி நின்று, மூட்டையைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்ப்பான்.

"என்னக்கா, கெழக்க மேகம் கூடுதே?"

"அது கூடுனா ஒனக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. நனைஞ்சுதுன்னா ஒரு குரல் குடுங்க. கோழி நனைஞ்சது காஞ்சதுன்னு பாக்காது."

அவன் போன பிறகு பெரியநாயகி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தலத்தெருவுக்குக் கிளம்பினாள். அங்கே அகஸ்டின் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வெப்சைட்டைச் செய்துகொடுத்தவனும் அவன்தான்.

"தம்பி, நம்ம கடை எங்க இருக்குன்னு பாரு."

அகஸ்டின் 'காரைக்கால் கருவாடு' என்று தட்டினான். முதல் பக்கத்தில் கருவாட்டுக் குழம்பின் மேல் யாரோ எழுதிய கவிதை வந்தது. பூனைக்குக் கருவாடு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு பல் ஆஸ்பத்திரி வந்தது. அது ஏன் வந்தது என்று அகஸ்டினுக்கும் தெரியவில்லை. அவன் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான். கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில், ஒரு ரயில் கால அட்டவணைக்கும் யாரோ ஒருவருடைய காதுகுத்து போட்டோவுக்கும் நடுவில், பெரியநாயகி சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரம் யாருப்பா நடந்து வருவா?" என்றாள் அவள்.

"யாரும் வரமாட்டாங்கக்கா. இத முன்னாடி கொண்டாரதுக்குன்னு ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்க. போய்ப் பாருங்க."

அந்த ஆபீஸின் முழுப்பெயர் கடலோர வணிகத் தேடல் முன்னிலை வாரியம். அதன் தலைவாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட்டும் இருந்தது. திறந்தால் மண்வெட்டியோடு ஒரு மனிதன் குழி தோண்டுகிற படமும், 'பணி நடைபெறுகிறது' என்ற வாசகமும் வரும். மூன்று வருஷமாக அவன் தோண்டிக்கொண்டிருந்தான்.

எழுத்தர் கமலாம்பாள், பெரியநாயகியை ஏற இறங்கப் பார்த்தாள். "டோக்கன் எடுத்தீங்களா?"

"இங்க வேற யாருமே இல்லியேம்மா."

"அதுக்குத்தான் டோக்கன். யாருமில்லாதப்ப நீங்க எத்தனாவது ஆளுன்னு எப்படித் தெரியும்?"

பெரியநாயகி டோக்கன் எடுத்தாள். கமலாம்பாள் அதை வாங்கிக்கொண்டு, "சார் கூட்டத்துல இருக்காரு" என்றாள். திறந்திருந்த கதவு வழியாக இயக்குநர் அருள்மணி தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கூட்டம் முடிகிற வரைக்கும் பெரியநாயகி காத்திருந்தாள். கடலை முடிந்ததும் கூட்டமும் முடிந்தது.

அருள்மணி அவள் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசத் தொடங்கினார்.

"அம்மா, முதல் இடம் வேணும்னா மொதல்ல அது காலியா இருக்கணும். உங்களுக்கு முன்னாடி நாப்பத்தாறு பக்கத்துக்கு ஆள் இருக்காங்க. அவங்கள்ல யாராவது ஓய்வு பெறணும், இல்ல மாற்றலாவணும், இல்ல இறந்துபோவணும். அதுதான் முறை. என்னையே எடுத்துக்குங்க. எனக்கு முன்னாடி ஒன்பது பேர் இருந்தாங்க. அவங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆவுற வரைக்கும் நான் எந்த வேலையும் செய்யாம, யார் வழிக்கும் போவாம, பொறுமையா இருந்தேன். இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இதுதான் தகுதிங்கறது."

"எனக்கு அவ்வளவு நாளு இல்லிங்கய்யா. மழை வந்துரும்."

"மழையைப் பத்தி எங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரலியே" என்றார் அருள்மணி.

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். நாற்பத்தேழு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வரச்சொல்லி, சிவப்பு மையால் அவளுக்கு முன்னால் இருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக அடித்தார். கவிதையை அடித்தார். பூனையை அடித்தார். பல் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தயங்கினார்; அங்கே அவருக்கு ஒரு வேர்ச்சிகிச்சை பாக்கியிருந்தது. பிறகு அதையும் அடித்துவிட்டு, பெரியநாயகி கருவாட்டுக் கடை இன்று முற்பகல் முதல் முதலாம் இடத்தில் அமர்த்தப்படுகிறது என்று ஆணை பிறப்பித்தார். அதன் மீது முத்திரை குத்தி, நகலைப் புதுச்சேரித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற எந்தக் கோப்பும் நடுவில் இன்னொரு மாநிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அது பஸ்ஸில் போகும், சிதம்பரத்தில் இறங்கி டீ குடிக்கும், அன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆணை போட்ட பிறகும் கடை நாற்பத்தேழிலேயே கிடந்தது. அகஸ்டின் காட்டினான். அவள் போய் அருள்மணியிடம் சொன்னாள். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"ஆணையை மீறியிருக்கா? கமலாம்பாள், அந்தத் தேடுபொறிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போடுங்க. அது எங்க இருக்கு?"

"அமெரிக்காவுலன்னு சொல்றாங்க சார்."

"அமெரிக்கா எந்தக் கொம்யூன் பஞ்சாயத்துல வருது? நம்ம எல்லைக்குள்ள கடைசியா எங்க பாத்தாங்க, அதைச் சொல்லுங்க."

"தலத்தெரு பிரவுசிங் சென்டர்ல சார்."

ஆள் வீட்டில் இல்லாவிட்டால் நோட்டீஸைக் கதவில் ஒட்டுவதுதான் சர்க்கார் வழக்கம். ஊழியர்கள் தண்டோராக்காரரோடு வந்து, மூன்று தடவை பறையடித்து, தேடுபொறியைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்கள். பதில் வராததால் நோட்டீஸை அகஸ்டினின் கம்ப்யூட்டர் திரையில் நடுமத்தியில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"யோவ், அது என் மானிட்டருய்யா!" என்று கத்தினான் அகஸ்டின்.

"கிழிச்சா குத்தம்" என்று சொல்லிவிட்டார்கள்.

கெடு முடிகிற வரை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்கள் நோட்டீஸுக்கு இடப்பக்கம் தெரிந்ததை மட்டும் படித்துவிட்டுப் போனார்கள். தேடுபொறி விளக்கம் எதுவும் அனுப்பவில்லை. எதிர்த்தரப்பு ஆஜராகாததால் பெரியநாயகிக்குச் சாதகமாக ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்பட்டது. அருள்மணி அவள் கையைக் குலுக்கி வாழ்த்தினார். அவள் வீட்டுக்கு வந்து தீர்ப்பை மூட்டையின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாசலில் நாகராஜ் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீர்ப்பு வந்துடுச்சாக்கா? தார்ப்பாய் கொண்டாரட்டா?"

அடுத்த சில நாளில் அருள்மணி ஐதராபாத்துக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் நடந்த வகுப்பில் அவர் விழித்திருந்தார். மற்ற வெப்சைட்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நம் கடைக்கு இணைப்புக் கொடுத்தால் நம் கடை முன்னேறும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

"இது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான்ம்மா" என்றார் அவர் பெரியநாயகியிடம். "மொய்! நீங்க எழுதுனா அவங்க எழுதுவாங்க. ஒரு விருந்து வையுங்க."

கல்யாண மண்டபம் பிடித்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டினார்கள். மொய் எழுதுகிற மேஜையில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அகஸ்டினைக் கம்ப்யூட்டரோடு உட்காரவைத்தார்கள். மாவட்டத்தில் வெப்சைட் வைத்திருந்த அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ஐஸ் கம்பெனி வந்தது, டிரைவிங் ஸ்கூல் வந்தது, கேபிள் டி.வி.காரர் வந்தார், சாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற பேண்டு செட்டுக்காரர் வந்தார். மைக்கில் ஒருவர் அறிவித்துக்கொண்டே இருந்தார்: "போலகம் டிரைவிங் ஸ்கூல், ஒரு இணைப்பு! கேபிள் டி.வி. தாய்மாமன் முறையில ரெண்டு இணைப்பு!"

பந்தி முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது.

"நான் அந்தம்மாவுக்கு மொதப் பக்கத்துல, தலைமாட்டுல போட்டேன்" என்று ஐஸ் கம்பெனிக்காரர் இலையை விட்டு எழுந்தார். "அந்தம்மா எனக்கு அடியில, காப்பிரைட்டுக்குக் கீழ போட்டிருக்கு. நாங்க என்ன அவ்வளவு கீழ போயிட்டமா?"

"ஒன் ஐஸு உருகிப்போனா அடியிலதான்யா நிக்கும்" என்றார் பேண்டு செட்டுக்காரர். அப்புறம் சாம்பார் வாளியைப் பிடுங்கித்தான் இருவரையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

அருள்மணி மைக்கைப் பிடித்தார். "இணைப்பு யாருக்கு வேணாலும் போவட்டும். ஆனா இதைச் செய்யறது யாருன்னு மக்களுக்குத் தெரியணும். அதனால எல்லாரும் இணைப்பு மேல 'கருவாட்டுக் கடை'ன்னு எழுதாம, 'கடலோர வணிகத் தேடல் முன்னிலை வாரியம்'னு முழுப்பேரும் எழுதணும். என் பேரைப் போடுறது அவங்கவங்க விருப்பம். போடாதவங்க விவரம் எனக்கு வந்துரும்."

எல்லோரும் போட்டார்கள். கருவாட்டுக் கடையின் முகப்பும் மாறியது. வாரியத்தின் வாழ்த்துரை, இயக்குநரின் அணிந்துரை, அருள்மணி குத்துவிளக்கு ஏற்றும் படம், ஏற்றிய பிறகு அதைப் பார்க்கும் படம், வாரியம் கடந்து வந்த பாதை எல்லாம் வரிசையாக நின்றன. இவை எல்லாவற்றையும் தாண்டி விரல் வலிக்கக் கீழே போனால் நெத்திலி இருந்தது.

அகஸ்டின் மறுபடி 'காரைக்கால் கருவாடு' என்று தட்டிப் பார்த்தான். கடை நாற்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

பெரியநாயகி நடந்தே வீட்டுக்கு வந்தாள். கடற்கரைப் பக்கம் ஆகாயம் ஈயச்சட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டாள். நெத்திலி இன்னும் கலகலத்தது. ஆனால் கூடிப்போனால் ஒரு வாரம். நாகராஜ் தார்ப்பாயையும் தராசையும் வண்டியில் கட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

"நாளைக்குக் காலையில வா" என்றாள் அவள். அவள் குரலைக் கேட்டு நாகராஜுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் நாகராஜுக்கு முன்னால் செல்போன் அழைப்பு வந்துவிட்டது.

"வணக்கங்க. முன்னிலை வாரியம்ங்களா? நான் கோட்டுச்சேரியிலேர்ந்து சைக்கிள் கடை பேசுறேன். என் மனு என்னாச்சுங்க?"

"இது கருவாட்டுக் கடைப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுபடி அடித்தது. அதற்குள் வாசலில் இரண்டு பேர் விண்ணப்பத்தோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு காண்டிராக்டர் டெண்டர் உறையோடு நின்றார். அவர்களுக்கு வழிகாட்டிக் கொண்டுவந்து விட்டவனே நாகராஜ்தான்.

பெரியநாயகி அகஸ்டினுக்குப் போன் போட்டாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, மூச்சுவிட முடியாமல் சிரித்தான்.

"அக்கா, வாரியத்துப் பேரைப் போட்டா மொதப் பக்கத்துல மொத ஆளா நீங்கதான் வர்றீங்க! மாவட்டமே ஒங்களக் காட்டி இதுதான் வாரியம்னு எழுதிக் குடுத்திருக்கு. தேடுபொறியும் அத நம்பிருச்சு. விலாசம், போன் நம்பரு எல்லாம் ஒங்களுதுதான்."

"அப்ப அந்த ஆபீஸு?"

"அது எங்கயோ குழி தோண்டிக்கிட்டு இருக்கு."

வந்தவர்களைத் துரத்த அவளுக்கு மனம் வரவில்லை. மனுக்காரர்கள் என்ன சொன்னால் சமாதானமாவார்கள் என்பது கமலாம்பாள் புண்ணியத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. "உக்காருங்க. சார் கூட்டத்துல இருக்காரு" என்றாள். அவர்கள் பணிவோடு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களின் மூக்கில் வாசம் ஏறியது. அவள் அடுப்பில் ஒரு பிடி நெத்திலியை வறுக்கவும் செய்தாள். சைக்கிள் கடைக்காரர் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அது இருக்கட்டும்ங்க, இது என்ன விலை?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கூட்டம் நிற்கவில்லை. ஆபீஸுக்குப் போனால் கிடைக்கும் அதே பதில் இங்கேயும் கிடைத்தது. ஆனால் இங்கே வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. கோட்டுச்சேரியில் நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள். வாரியம் திருந்திவிட்டது என்று ஒருவர் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார்.

இரண்டே மூட்டை மிச்சமிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. புதுச்சேரியிலிருந்து செயலாளர் திடீர் ஆய்வுக்கு வந்திருந்தார். வாரியம் எங்கே இருக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லாததால், டிரைவர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அதே நேரம் ஊருக்குள், உண்மையான ஆபீஸில், அருள்மணி ரோஜா மாலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். திடீர் ஆய்வு என்றைக்கு என்பது அவருக்கு முன்பே தெரியும்.

செயலாளர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். மறுபடி கருவாடு வாங்கிக்கொண்டு எதிரே வந்த சைக்கிள் கடைக்காரரை நிறுத்தினார்.

"இங்க வந்தா வேலை முடிய எவ்வளவு நாளாவுது?"

"நாளா? வந்தேன், உக்காந்தேன், வாங்கிட்டேன், கெளம்புறேன்யா."

செயலாளர் பெரியநாயகியைப் பார்த்தார். "நிலுவை எவ்வளவும்மா இருக்கு?"

"ரெண்டு மூட்டதான்யா. மழைக்குள்ள முடிச்சிருவேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய முப்பது வருஷப் பணியில், நிலுவையை முடித்துவிடுவேன் என்று சொன்ன ஒரு அலுவலகத்தையும் அவர் பார்த்ததில்லை. அருகிலிருந்த உதவியாளர், 'அலுவலகத்தில் நல்ல மணம் வருகிறது' என்று குறிப்பெழுதினார். செயலாளர் வறுத்த நெத்திலியை ஒன்று வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். அப்புறம் மிச்சமிருந்த இரண்டு மூட்டையையும் தலைமை அலுவலக ஊழியர் நலனுக்காகக் கையில் காசு கொடுத்து வாங்கி, காருக்குள் ஏற்றச் சொன்னார். கார் தெருமுனை திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது.

நாகராஜ் தலையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். வெறும் தரை.

"என்னக்கா, ஒண்ணுகூட இல்லியா?"

"கோழிக்குத் தவிடு வாங்கிப் போடுடா" என்றாள் பெரியநாயகி. சொல்லிவிட்டு, மேற்குச் சுவர் ஓரமாகக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, காத்தமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் அப்போது கடலுக்குள் போயிருந்தான். புயல் எச்சரிக்கை வந்து, நாகப்பட்டினம் பக்கம் கரையேறி, அவன் வீடு திரும்புவதற்கு ஒரு வாரமாகிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து ஆணை வந்ததும் அதே வாரம்தான். எந்த விலாசத்தில் பொதுமக்கள் வாரியத்தைக் கண்டடைகிறார்களோ, எந்த விலாசத்தில் செயலாளர் அதை ஆய்வு செய்து திருப்தி அடைந்தாரோ, அந்த விலாசத்துக்கு வாரியம் உடனடியாகச் சென்று சேர வேண்டும் என்று அதில் இருந்தது. நகல் பெரியநாயகிக்கும் வந்தது. வாடகையைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் தினமும் வாசலில் வந்து உட்காரப்போகும் கூட்டத்தை நினைத்துப் பார்த்து, அடுத்த நெத்திலிப் பருவத்தையும் நினைத்துப் பார்த்து, அவள் சரி என்றாள்.

மாட்டு வண்டியில் மேஜை, நாற்காலி, டோக்கன் பெட்டி எல்லாம் நனைந்துகொண்டே வந்து இறங்கின. அருள்மணி உட்கார்ந்தார். செல்போன் அடித்தது. பெரியநாயகி எடுத்தாள்.

"அருள்மணி சாரைக் கேக்குறாங்க. குடுக்கவா?"

அருள்மணி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைக் காட்டினார்.

"சார் கூட்டத்துல இருக்காருங்க" என்றாள் பெரியநாயகி.

அந்த நேரத்தில்தான் காத்தமுத்து சொட்டச் சொட்ட நனைந்து, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். மூட்டைகள் ஒன்றுகூட இல்லை. அவன் முகம் மலர்ந்தது. மேற்குச் சுவர் ஓரமாகப் போனான். அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே, சரியாக அவன் தலை வைக்கும் இடத்தில், கமலாம்பாள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

காத்தமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு, மனுக்காரர்களோடு வரிசையில் போய் உட்கார்ந்தான்.